கழித்தல் வராத பிள்ளைக்கு டேப்லெட்டா, ஆளா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். உங்கள் ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்காக முன்னாள் மாணவர்கள் சேர்ந்து 2 லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறீர்கள். 3 முதல் 5ஆம் வகுப்பு வரை 62 பிள்ளைகள். அதில் பாதிப் பேருக்குக் கடன் வாங்கிக் கழிக்க வரவில்லை, வாய்ப்பாடும் நிற்கவில்லை. பத்து டேப்லெட் வாங்கி நல்ல கணக்குச் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அந்தப் பணத்தில் ஓர் ஆளைப் போடலாம் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். ஆய்வுகள் எந்தப் பக்கம் என்பது உங்கள் கேள்வி. 'கணினியா, ஆசிரியரா' என்பது பட்டிமன்றத்துக்குத்தான் நல்ல தலைப்பு. உங்களுக்குத் தெரிய வேண்டியது, அந்த முப்பது சொச்சம் பிள்ளைகளுக்கு என்ன குறைகிறது, அதை எதைக் கொண்டு நிரப்புவது என்பது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் செலவு ஆளுக்கு. டேப்லெட் நான்கு போதும், அதுவும் ஒரே ஒரு வேலைக்கு. ஏன் என்பதற்குக் கொஞ்சம் நீளமாகப் போக வேண்டியிருக்கிறது.

கணக்கு வரவில்லை என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று தனித்தனி விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, எண்ணைப் பற்றிய புரிதல்: 40 என்றால் நான்கு பத்து என்று பிள்ளைக்கு உள்ளே தெரிகிறதா. இரண்டாவது, செய்முறை: எந்த இடத்தில் தொடங்குவது, எப்போது கடன் வாங்குவது, மீதியை எங்கே எழுதுவது. மூன்றாவது, சரளம்: ஏழெட்டு என்றதும் யோசிக்காமல் 56 வாயில் வருகிறதா. இந்த மூன்றிலும் இயந்திரம் ஒரே மாதிரி உதவுவதில்லை. மூன்றாவதில் அது பெரும்பாலான ஆசிரியர்களை மிஞ்சும். முதலாவதில் பெரும்பாலும் தடுமாறும். இரண்டாவதில் அதன் பயன் செயலியை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆய்வுகளின் முடிவுகள் முன்னுக்குப் பின் முரணாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

503 − 267 என்ற ஒரே கணக்கை எடுத்துக்கொள்வோம். சரியான விடை 236. ஒரு பிள்ளை 364 என்று எழுதுகிறது. இன்னொன்று 336. மூன்றாவது 266. மூன்றுமே தப்பு, ஆனால் மூன்றும் ஒரே தப்பு இல்லை. 364 எழுதிய பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துவிட்டது: 7இல் 3 போனால் 4, 6இல் 0 போனால் 6, 5இல் 2 போனால் 3. அதற்குக் கடன் வாங்குவது என்ற எண்ணமே இல்லை. 336 எழுதிய பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். நடுவில் உள்ள சுழியத்தை 9 ஆக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கிறது. ஆனால் அந்தப் பத்துகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டுக்கொள்ளவில்லை, அதனால் 5ஐ 4 ஆக்கவில்லை. 266 எழுதிய பிள்ளை சுழியத்திடம் ஒன்றுமில்லை என்று அதைத் தாண்டிப்போய் நூறிடம் நேராகக் கடன் வாங்கி ஒன்றாம் இடத்தில் போட்டது. பிறகு நடு இடத்தில் 0க்கும் 6க்கும் வந்தபோது முதல் பிள்ளையைப் போல 6 என்று எழுதிவிட்டது.

இந்தத் தப்புகள் கவனக்குறைவால் வருபவை அல்ல. பிள்ளை தானாக ஒரு விதியை உண்டாக்கி, அதைப் பிசகாமல் பின்பற்றுகிறது. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் இருவரும் 1978இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. கழித்தலில் பிள்ளைகள் பின்பற்றும் தப்பான விதிகளைப் பட்டியலிட்டு, விடைத்தாளைப் பார்த்தே எந்த விதி உள்ளே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் நிரலை எழுதினார்கள். ஆக, கணினிக்கு இது முடியாத வேலை இல்லை. ஆனால் கடையில் கிடைக்கும் பல செயலிகள் இந்த வேலையைச் செய்வதில்லை. 364க்கும் 336க்கும் ஒரே சிவப்புப் பெருக்கல் குறி, ஒரே 'மீண்டும் முயற்சி செய்' குரல். கர்ட் வான்லேன் 2011இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, விடையை மட்டும் சரிபார்க்கும் மென்பொருளின் பயன் 0.31 என்றும், ஒவ்வொரு படியையும் கவனித்துக் குறிப்பு கொடுக்கும் மென்பொருளின் பயன் 0.76 என்றும், தனியாக உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் மனிதரின் பயன் 0.79 என்றும் கண்டார். (திட்டவிலக்க அளவில். 0.35 என்றால், கீழிருந்து எண்ணி நூறில் ஐம்பதாவது இடத்தில் இருந்த பிள்ளை ஏறக்குறைய 64ஆவது இடத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.) மனிதருக்கும் நல்ல மென்பொருளுக்கும் இடையில் இருப்பதைவிட, நல்ல மென்பொருளுக்கும் சாதாரண மென்பொருளுக்கும் இடையில் உள்ள தூரம்தான் பெரியது. ஆனால் அந்த 0.79 ஒற்றைப் பிள்ளையோடு உட்காரும் ஆளுக்கானது. நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்கும் ஆளுக்கு அதைப் பொருத்த வேண்டாம்.

சரி, 336 எழுதிய பிள்ளையை என்ன செய்வது? 'சுழியத்தை ஒன்பதாக்கு, ஐந்தை நாலாக்கு' என்று விதியைத் திரும்பச் சொன்னால் இரண்டு நாள் நிற்கும். விளையாட்டு நோட்டுகளைக் கையில் கொடுங்கள்: ஐந்து நூறு ரூபாய், மூன்று ஒரு ரூபாய். பத்து ரூபாய் ஒன்றுகூட இல்லை. 'இதிலிருந்து 267 ரூபாய் கொடு' என்று கேளுங்கள். ஏழு ஒரு ரூபாய் வேண்டும், மூன்றுதான் இருக்கிறது. பத்தை மாற்றலாம் என்றால் பத்து இல்லை. வேறு வழியில்லாமல் ஒரு நூறை மாற்றிப் பத்துப் பத்து ரூபாய் வாங்குகிறது. அதில் ஒன்றை மாற்றிப் பத்து ஒரு ரூபாய் வாங்குகிறது. இப்போது எண்ணச் சொல்லுங்கள்: நூறு நான்கு, பத்து ஒன்பது, ஒன்று பதிமூன்று. அந்த 9 எங்கிருந்து வந்தது என்பதும், 5 ஏன் 4 ஆனது என்பதும் மேசைமேல் கிடக்கின்றன. இதை மூன்று தடவை கையால் செய்தபிறகு, ஒவ்வொரு மாற்றலையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே செய்யச் சொல்ல வேண்டும். எழுத்தும் ரூபாய் நோட்டு மாற்றலும் ஒரே நேரத்தில் நடக்காவிட்டால் பிள்ளைக்கு அது கடை விளையாட்டாகவே நின்றுவிடும், கணக்கோடு ஒட்டாது. ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடம் பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல்.

செயலிக்குப் பெரும்பாலும் தெரியாத இன்னொரு இடம் உண்டு. அது நம் எண்பெயர்கள். ஒன்பது ஒன்றாம் இடம், தொண்ணூறு பத்தாம் இடம், தொள்ளாயிரம் நூறாம் இடம். தொண்ணூறு என்ற சொல்லில் காதுக்கு 'நூறு' கேட்கிறது, தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்' கேட்கிறது. எண்பது, எண்ணூறு என்று ஒழுங்காக வந்துகொண்டிருந்த வரிசை அங்கே ஒரு படி தாவிவிடுகிறது. 'நூற்று ஐந்து' என்று சொன்னால் 1005 என்று எழுதும் பிள்ளை, நூறை எழுதி அதன் பக்கத்தில் ஐந்தை எழுதுகிறது. காதில் விழுந்த வரிசைப்படி அது சரிதான். ஆங்கில வழிப் பிரிவில் இருந்தால் தர்ட்டீனும் தர்ட்டியும் சேர்ந்துகொள்ளும். திரையில் எண்ணைக் காட்டி விடையைத் தொடச் சொல்லும் செயலியில் இந்த ஓட்டை வெளியே தெரியவே தெரியாது. சிலேட்டில் பத்து எண்கள் சொல்லி எழுதச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்: 19, 90, 91, 105, 115, 150, 890, 900, 909, 1009. மூன்றாம் வகுப்புக்கு 909 வரை போதும். இதில் தடுமாறும் பிள்ளைக்குக் கழித்தல் நடத்துவது அஸ்திவாரம் இல்லாமல் சுவர் எழுப்புவதுதான்.

இயந்திரத்தின் பலத்துக்கு வருவோம். வாய்ப்பாட்டில் ஒன்று முதல் பத்து வரை நூறு பெருக்கல்கள். 7×8ம் 8×7ம் ஒன்றே என்று எடுத்தால் 55. அதில் 1, 2, 5, 10 வருபவை சீக்கிரம் வந்துவிடும். அவற்றைத் தள்ளினால் மிஞ்சுவது 21 தான். நாலாம் வகுப்புப் பிள்ளையைப் படுத்தும் பெருக்கல்கள் அத்தனையும் இந்த 21க்குள் இருக்கின்றன. வகுப்பு முழுக்க ராகம் போட்டுச் சொல்லும் வாய்ப்பாட்டுக்கு ஒரு குறை உண்டு: ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் பிள்ளை ஓரெட்டிலிருந்து தொடங்கி ஏறி வந்துதான் சொல்லும். பாட்டு வரிசையாக நிற்கிறது, தனித்தனியாக நிற்பதில்லை. (ராகத்தைக் குறை சொல்லவில்லை. முதல் முறை மனதில் ஏற்ற அதற்கு இணை இல்லை.) தனித்தனியாகப் பிடிக்க, கலைத்துக் கேட்க வேண்டும், தப்பானதை அடிக்கடி கேட்க வேண்டும், சரியானதை நான்கு நாள் விட்டு மறுபடி கேட்க வேண்டும், விடை சரியா தப்பா என்று அந்த நொடியே சொல்ல வேண்டும். 62 பிள்ளைகளுக்குத் தனித்தனியாக இதை எந்த ஆசிரியராலும் செய்ய முடியாது. நோட்டைத் திருத்திக் கொடுப்பதற்குள் இரண்டு நாள் ஆகும், அதற்குள் 7×8=54 நாற்பது தடவை எழுதப்பட்டிருக்கும். இயந்திரம் சலிக்காமல் செய்யும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் சப்பீஸ் குழுவினர் 1960களிலேயே, திரைகூட இல்லாத தட்டச்சு முனையங்களை வைத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் செய்துகாட்டினார்கள். அறுபது ஆண்டுகளில் படமும் பாட்டும் கூடியிருக்கின்றன, அடிப்படை வேலை அதேதான்.

ஆனால் இந்த வேலையையும் கெடுக்கும் செயலிகள் உண்டு. நான்கு விடையில் ஒன்றைத் தொடு என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே பத்துக்கு இரண்டு, மூன்று சரியாகிவிடும். கண்ணைத் திறந்துகொண்டால் இன்னும் சுலபம்: 47×6 என்ற கணக்கில் ஆறேழு 42 என்பது மட்டும் தெரிந்தால், 2இல் முடியும் விடையைத் தொட்டுவிடலாம். பிள்ளைகள் இதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். விடையைத் தட்டச்சு செய்யச் சொல்லும் செயலிகளில் வேறு சங்கடம். நாம் கூட்டுவதும் கழிப்பதும் வலமிருந்து இடம். விடைப்பெட்டி நிரம்புவது இடமிருந்து வலம். ஒன்றாம் இடத்து விடையை முதலில் கண்டுபிடித்த பிள்ளை அதை மனதிலேயே வைத்துக்கொண்டு நூறாம் இடம் வரை போக வேண்டும். மூன்று இலக்கக் கணக்கில் வரும் தப்புகளில் ஒரு பங்கு கணக்குத் தெரியாததால் வருபவை அல்ல, இந்தப் பெட்டியால் வருபவை. அதனால்தான் டேப்லெட் பக்கத்தில் எப்போதும் நோட்டும் பென்சிலும் இருக்க வேண்டும் என்கிறேன். கணக்கை நோட்டில் போட்டு, விடையை மட்டும் டேப்லெட்டில் ஏற்ற வேண்டும். பிறகு தப்பைப் பார்க்க வரும் ஆளுக்குப் படிகளும் கிடைக்கும்.

இனி நீங்கள் கேட்ட ஆய்வுகள். நம் நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் இரண்டையும் அருகருகே அளந்தது, அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, ஷான் கோல், லீ லிண்டன் நால்வரும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்போடு சேர்ந்து மும்பையிலும் வதோதராவிலும் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு பக்கம், அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த இளம் பெண்கள். 3, 4ஆம் வகுப்புகளில் பின்தங்கிய 15, 20 பிள்ளைகளைத் தினம் இரண்டு மணி நேரம் தனியாக அழைத்துப்போய் அடிப்படையைச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்னொரு பக்கம், வதோதராவில் 4ஆம் வகுப்புப் பிள்ளைகள் வாரம் இரண்டு மணி நேரம், ஒரு கணினிக்கு இருவராக உட்கார்ந்து கணக்கு விளையாட்டு ஆடினார்கள். அந்தப் பெண்களால் முதல் ஆண்டில் 0.14, இரண்டாம் ஆண்டில் 0.28 முன்னேற்றம். கணினியால் கணக்கில் மட்டும் 0.35, பிறகு 0.47. கணினி ஜெயித்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். ஆனால் செலவைப் பாருங்கள்: ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஆள் வழியில் சுமார் 2.25 டாலர், கணினி வழியில் சுமார் 15 டாலர். தவிர, அந்தப் பெண்கள் எழுத்தும் வாசிப்பும் சேர்த்து நடத்தினார்கள். நிறுத்தி ஓராண்டு கழித்து அளந்தபோது இரண்டின் பயனும் பெருமளவு கரைந்து 0.10 அளவுக்கு வந்திருந்தது. ஒரு வருடம் கொடுத்துவிட்டுக் கைகழுவ நினைப்பவர்கள் படிக்க வேண்டிய வரி அது.

அடுத்தது, இதே லீ லிண்டன் குஜராத்தில் ஞானசாலா என்ற தொண்டு நிறுவனத்தின் பள்ளிகளில் நடத்தியது, 2008இல் வெளிவந்தது. ஒரே மென்பொருள். சில பள்ளிகளில் வகுப்பு நேரத்தில், ஆசிரியர் நடத்தும் பாடவேளைக்குப் பதிலாக வைத்தார்கள். சிலவற்றில் வகுப்புக்கு வெளியே கூடுதலாக வைத்தார்கள். கூடுதலாக வைத்த இடத்தில் 0.28 கூடியது. பதிலாக வைத்த இடத்தில் 0.57 குறைந்தது. ஞானசாலாவில் பாடம் ஏற்கெனவே ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது, அதை எடுத்துவிட்டு இதை வைத்ததால் நஷ்டம். வதோதரா மாநகராட்சிப் பள்ளிகளிலும் இரண்டு மணி நேரத்தில் ஒன்று வகுப்பு நேரம்தான், ஆனாலும் அங்கே லாபம் வந்தது. ஆக, கணினி நல்லதா என்று கேட்பதற்கு முன் எந்த நேரத்தை எடுத்து அதற்குக் கொடுக்கிறோம் என்று கேட்க வேண்டும். உங்கள் பள்ளியில் காலை கணக்குப் பாடவேளை உருப்படியாக நடக்கிறதென்றால் டேப்லெட்டை அதற்குள் கொண்டுபோகாதீர்கள்.

கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் மூவரும் டெல்லியில் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2019இல் வந்தது. 6ஆம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். கடைசி மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள், பள்ளிக்கு மட்டும் போய் வந்தால், சொல்லும்படியாக எதுவுமே முன்னேறவில்லை. பள்ளி முடிந்தபின் 45 நிமிடம் பிள்ளையின் நிலையறிந்து இறங்கி வரும் மென்பொருள், 45 நிமிடம் சிறு குழுவோடு ஓர் உதவியாளர். நாலரை மாதத்தில் கணக்கில் 0.37. நல்ல முடிவு. ஆனால் இதில் இயந்திரத்தின் பங்கு எவ்வளவு, ஆளின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. இரண்டும் ஒன்றாகத்தான் கொடுக்கப்பட்டன. மென்பொருள் விற்க வருபவர்கள் இந்த எண்ணைக் காட்டும்போது பாதி நேரம் ஆள் இருந்ததைச் சொல்ல மறந்துவிடுவார்கள். கருவியை மட்டும் கொடுத்த இடங்களில் கதை வேறு. பெரு நாட்டுக் கிராமப் பள்ளிகளில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி கொடுத்தார்கள், கணக்கு மதிப்பெண் நகரவில்லை. இஸ்ரேலில் பள்ளிகளுக்குக் கணினி வந்தபின் 4ஆம் வகுப்புக் கணக்கு மதிப்பெண் உயரவில்லை, இறங்கியதற்கான அடையாளம்தான் தெரிந்தது. அமெரிக்கக் கல்வித்துறை 2007இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், பெயர்பெற்ற கணக்கு மென்பொருள்களைப் பயன்படுத்திய வகுப்புக்கும் பயன்படுத்தாத வகுப்புக்கும் சொல்லும்படி வித்தியாசம் வரவில்லை.

பிள்ளைகள் தம் போக்கில் படித்துத் தேறட்டும் என்று விடும் முறையின் அபாயத்தைக் காட்ட, கணினியே இல்லாத ஓர் உதாரணம் போதும். ஸ்டான்லி எர்ல்வாங்கர் 1973இல் பென்னி என்று பெயரிட்டு எழுதிய 12 வயதுப் பையன், பாடத்தைப் பகுதி பகுதியாகத் தானே படித்து, தேர்வு எழுதி, 80 சதவீதம் எடுத்தால் அடுத்த பகுதிக்குப் போகும் முறையில் படித்தவன். ஆசிரியர் பார்வையில் நல்ல மாணவன். உட்கார்ந்து பேசிப் பார்த்தால் 2/10ஐ 1.2 என்கிறான், 0.3ம் 0.4ம் கூட்டினால் 0.07 என்கிறான். மேலும் கீழும் கூட்டு, புள்ளியை வை, இதுதான் அவன் விதி. 80 சதவீத வாசலில் தப்பான விதிகள் நுழைந்துவிட்டன, யாரும் அவனிடம் 'எப்படிச் செய்தாய், சொல்' என்று கேட்கவில்லை. இன்றைய செயலிகளின் நட்சத்திரமும் பதக்கமும் அதே வாசல்தான். நம் பள்ளிகளில் பிள்ளைகள் அட்டைகளை வைத்துப் படிப்படியாகத் தாமே படித்த செயல்வழிக் கற்றலின் ஏணிப்படி அட்டைகளிலும் இதே ஆபத்து இருந்தது, ஆசிரியர் குழுவோடு தரையில் உட்கார்ந்து பேசிய இடங்களில் அது தப்பியது.

ஆசிரியர் கற்பித்தல் என்றாலே புனிதம் என்று நான் சொல்லவரவில்லை. 'புரிஞ்சுதா?' 'புரிஞ்சுது சார்' என்று கோரஸ் வரும் வகுப்பில், முதல் வரிசை நான்கு பேர் சொல்லும் விடைக்கு மற்றவர்கள் வாயசைக்கிறார்கள். கரும்பலகைக் கணக்கைப் பிசகாமல் நோட்டில் இறக்குவது எழுத்துப் பயிற்சி, கணக்குப் பயிற்சி ஆகாது. மும்பை, வதோதரா ஆய்வில் சொல்லிக்கொடுத்த பெண்களுக்கு ஆசிரியர் பட்டம் கிடையாது. சிறிய குழு, பிள்ளை நிற்கும் படியிலிருந்து தொடக்கம், இந்த இரண்டும்தான் அவர்கள் கையில் இருந்தவை. நம் மாநிலத்திலும் இதற்குச் சான்று உண்டு. கொரோனாவுக்குப் பின் 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில், மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தன்னார்வலர்கள் மாலையில் நடத்தினார்கள். சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து அளந்த ஆய்வில், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீண்டது, அந்த மீட்சியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. உங்கள் பள்ளியில் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பார்கள். அந்தப் பிரிவையே தொடக்கமாக எடுத்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் 2 லட்சம். விலைகளை உங்கள் ஊரில் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள், கணக்கின் உருவத்தை மட்டும் பாருங்கள். தினம் இரண்டு மணி நேரம் வர ஒருவர், மாதம் 7000, பத்து மாதம்: 70,000. டேப்லெட் நான்கு, 12,000 வீதம்: 48,000. உறை, பல முனை சார்ஜர், பூட்டும் பெட்டி: 6000. விளையாட்டு நோட்டுகள், சிலேட்டு, அட்டை, தாள்: 5000. மீதி 71,000ஐத் தொடாமல் இரண்டாம் ஆண்டு ஆளுக்கு வையுங்கள். பயன் கரைவதைத் தடுக்க இரண்டாம் ஆண்டு அவசியம். ஆளை வைப்பதற்குப் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, தலைமை ஆசிரியரை முன்னிறுத்திச் செய்யுங்கள். வெளியாள் வந்து நடத்துகிறார் என்ற எண்ணம் ஆசிரியர்களுக்கு வந்தால் எதுவும் ஓடாது. ஆளைத் தேர்வு செய்யும்போது பட்டத்தைவிட முக்கியமான ஒன்று: மேலே சொன்ன 364, 336, 266 மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, 'இந்தப் பிள்ளைகள் என்ன செய்திருக்கிறார்கள்?' என்று கேளுங்கள். இரண்டையாவது கண்டுபிடித்துச் சொல்பவரை எடுங்கள்.

முதல் வாரம் 62 பேரையும் சோதியுங்கள். எண் சொல்லி எழுதுவது, கடன் வாங்காத கழித்தல் இரண்டு, கடன் வாங்கும் கழித்தல் இரண்டு, நடுவில் சுழியம் உள்ளது ஒன்று, மூன்று இலக்கத்தை ஓரிலக்கத்தால் வகுப்பது ஒன்று, கலைத்துக் கேட்ட வாய்ப்பாடு பத்து. பின்தங்கிய 32 பேரை வகுப்பு பார்க்காமல் நிலை பார்த்து 16, 16 ஆகப் பிரியுங்கள். ஒரு குழுவுக்குத் தினம் 50 நிமிடம். முதல் பத்து நிமிடம் எல்லோருக்கும் வாய்க்கணக்கும் சிலேட்டும். பிறகு எட்டுப் பேர் ஆளோடு வட்டமாக, எட்டுப் பேர் நான்கு டேப்லெட்டில் இருவர் இருவராக. இருபது நிமிடம் கழித்து மாற்று. இருவரையும் ஒரே நிலையில் சேர்க்க வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளையோடு சேர்த்தால் அதுவே எல்லாவற்றையும் தொட்டுவிடும், மற்றது வேடிக்கை பார்க்கும். ஒருவர் நோட்டில் போட்டுச் சொல்ல, மற்றவர் ஏற்ற, ஐந்து கணக்குக்கு ஒரு தடவை இடம் மாற வேண்டும். டேப்லெட் வேலை கூட்டல், பெருக்கல் சரளமும் ஏற்கெனவே புரிந்த கழித்தலின் பயிற்சியும் மட்டும். புதிய பாடம் எதையும் டேப்லெட்டில் தொடங்காதீர்கள். அந்த 21 பெருக்கலில் வாரம் மூன்று புதிது என்றால் ஏழு வாரம், பழையது தினமும் கலந்து வர வேண்டும். மூன்று நொடிக்குள் விடை வந்தால் தேறியதாகக் கொள்ளலாம். விரல் விட்டு எண்ணும் பிள்ளைக்கு நேரக் கடிகாரத்தை அணைத்துவிடுங்கள், ஓடும் கடிகாரத்தைப் பார்த்தால் அது ஊகிக்கத்தான் பழகும்.

செயலியை வாங்கும் முன் அரை மணி நேரம் நீங்களே பிள்ளையாக உட்கார்ந்து பாருங்கள். 364 என்று ஒரு தடவை, 336 என்று ஒரு தடவை தப்பாகக் கொடுங்கள், இரண்டுக்கும் ஒரே பதில் வருகிறதா? தொடர்ந்து ஆறு தப்பு செய்யுங்கள், கணக்கு கீழிறங்கி வருகிறதா, அதே மட்டத்திலேயே நிற்கிறதா? இணையத்தை அணையுங்கள், ஓடுகிறதா? ஒவ்வொரு பிள்ளையின் பதிவையும் தனியாக வைக்கிறதா? குரல் எந்தத் தமிழில் பேசுகிறது? முதல் கேள்வியில் தேறும் செயலி கிடைக்காமல் போகலாம், அதற்காகத்தான் ஆள். மற்ற நான்கில் தேறாதது வேண்டாம். இத்திட்டங்கள் படுத்துப்போவது பெரும்பாலும் கல்வித் தத்துவத்தால் அல்ல. சார்ஜ் போடுவது யார் பொறுப்பு என்று எழுதி வைக்காததாலும், கடவுச்சொல் மறந்ததாலும், உடைந்தால் யார் பணம் கட்டுவது என்ற பயத்தில் டேப்லெட் பீரோவுக்குள்ளேயே இருப்பதாலும்தான்.

எது உறுதி, எது என் கணிப்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கருவியை மட்டும் கொடுத்தால் கணக்கு வராது என்பதும், பிள்ளை நிற்கும் படியிலிருந்து தொடங்கினால் ஆளாலும் வரும் மென்பொருளாலும் வரும் என்பதும், நிறுத்தினால் கரையும் என்பதும் பல இடங்களில் அளக்கப்பட்டவை. நான்கு டேப்லெட், எட்டுப் பேர் வட்டம், வாரம் மூன்று பெருக்கல் ஆகியவை நடைமுறையை வைத்து நான் போட்ட அளவுகள், ஆய்வு முடிவுகள் அல்ல. குஜராத், டெல்லி எண்கள் உங்கள் பள்ளியில் அப்படியே வரும் என்றும் எதிர்பார்க்காதீர்கள், அங்கே திட்டத்தை ஓட்ட அனுபவமுள்ள அமைப்புகள் பின்னால் இருந்தன. உங்கள் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று தெரிய, முதல் வாரத்துச் சோதனைத் தாளை எண்களை மட்டும் மாற்றி எட்டாவது வாரத்திலும், கோடை விடுமுறை முடிந்து வரும் முதல் வாரத்திலும் மறுபடி கொடுங்கள். சரளம் ஏறி, நடுவில் சுழியம் உள்ள கழித்தல் அப்படியே நின்றிருந்தால், டேப்லெட் வேலை செய்கிறது, வட்டத்தில் உட்கார்ந்தவர் விளையாட்டு ரூபாய் நோட்டுகளை எடுக்கவே இல்லை என்று அர்த்தம். கழித்தல் ஏறி வாய்ப்பாடு நின்றிருந்தால், அந்த நான்கு பெட்டிகளும் எத்தனை நாள் சார்ஜ் இல்லாமல் கிடந்தன என்று விசாரியுங்கள். இரண்டாம் ஆண்டுக்கு வைத்த 71,000இல் எந்த ஆளை வைப்பது, அவர் எதில் அழுத்தம் கொடுப்பது என்பதை அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.